நின்ற இடத்தில் மூன்று சுற்று

அன்று காலை ஏழு இருபதுக்கு, சிதம்பரம் கோயிலில் வைத்து நான்தான் அந்த யோசனையைச் சொன்னேன்.

என் மகள் கௌரியின், மூட்டுவாதத்தால் அழிந்துபோன வலது முழங்காலில், சென்னையில் கதவுக் கீல் போன்ற உலோக மூட்டைப் பொருத்தி ஐந்து மாதம் ஆகியிருந்தது. "மடக்கலாம், நீட்டலாம். திருகக் கூடாது" என்று டாக்டர் எச்சரித்திருந்தார். நடையைக் குறைத்தால் போதுமென்று நான் எண்ணிக்கொண்டேன்.

"பிராகாரம் சுத்தாதடி, வலி ஜாஸ்தியாவும். நின்ன எடத்துலயே மூணு சுத்து சுத்திக்க."

"எனக்கு மட்டும் சாமி சலுகை குடுக்குறாராம்மா?" என்று சிரித்துக்கொண்டே வலக்காலை ஊன்றிச் சுற்றினாள். இரண்டாவது சுற்றில் அலறிக்கொண்டு சரிந்தாள்.

கடலூர் ஆஸ்பத்திரியில் மூன்று நாள், இனி நடப்பாளா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். மூட்டு வைத்த டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்றார்கள். இப்போதெல்லாம் டாக்டர் 'கூடாது' என்றால், எந்தெந்தக் காரியத்தில் கூடாது என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன்.

நான்காம் நாள் சென்னை டாக்டரே வந்து எக்ஸ்ரே படத்தைப் பார்த்தார்.

"கதவைத் திருகினா கீல் உடையாதும்மா, நிலைச்சட்டம்தான் பேந்துடும். எலும்புல அதோட பிடி விட்டுப்போச்சு. கடவுள் குடுத்த முட்டி கொஞ்சம் திரும்பும். நாங்க செஞ்சதுக்கு அது தெரியாது. இன்னொரு ஆபரேஷன் பண்ணிப் பாக்குறேன். நடப்பாளான்னு மட்டும் இப்ப கேக்காதீங்க."