பைகளை வெளியே இழுத்துக் காட்டியவர்

மெக்கானிக்குகளை நான் நம்புவதில்லை. அதனால் ஆண்டர்சன்பேட்டையில் என் லாரியின் பின் அச்சிலுள்ள கிரவுன் என்ற பல்சக்கரப் பெட்டிக்கு ஆயில் மாற்றக் கொடுத்தபோது, வேலை முடியும்வரை பக்கத்திலேயே குந்தியிருந்தேன். மேஸ்திரிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒல்லி, நகமெல்லாம் கறுப்பு. பழைய ஆயில் வடியும் கீழ் நட்டை விட்டுவிட்டு, முதலில் மேல் நட்டைக் கழற்றினார். இதென்ன தில்லுமுல்லு?

“ஆயில் வடியறது கீழதானே, மேஸ்திரி?”

“வடிச்சப்புறம் மேல் நட்டு தொறக்கலன்னா புதுசு எது வழியா ஊத்துவ? வண்டிய இங்கியே வெச்சிக்கினு குந்தியிருப்பியா?”

பதில் சரிதான். ஆனாலும் நான் வாங்கிக் கொடுத்த புது ஆயில் முழுவதும் உள்ளே இறங்கும்வரை டின்னிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முடிந்ததும் அவர் எழுந்து, கால்சட்டைப் பைகள் இரண்டையும் வெளியே இழுத்துக் காட்டினார்.

“நான் கேக்கலையே!”

“வாயால கேக்கல. கோல்டு மைன்ஸ்ல நான் வேல செஞ்சப்ப, ஷிப்ட் முடிஞ்சி வெளிய வர்றப்ப தெனம் சோதன போடுவாங்க. அந்தப் பார்வ எனக்குத் தெரியும்பா.”

அடுத்த முறை வேண்டுமென்றே எதிர் டீக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டேன். வேலை முடிந்ததும் ரோட்டைக் கடந்து வந்தார். டீ குடிப்பவர்கள் முன்னால் இரண்டு பைகளையும் வெளியே இழுத்தார். அது பழக்கமா, எனக்குக் கொடுத்த அடியா என்று இன்றும் தெரியவில்லை. அப்போதும் என் கண் முதலில் போனது அந்தப் பைகள்மேல்தான்.