காற்றில்லாத நாளில் வந்த கடல்

மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று தொடங்குவதற்கு முன், மே மாதக் கடைசியில், எங்கள் கடலில் சில நாட்கள் காற்றே இருக்காது. சில வருடம் நாலு நாள், சில வருடம் பத்து நாள். அந்த நாட்களில் கரையில் நின்று கடலைப் பார்ப்பது எனக்கு இன்றும் கோயிலுக்குள் நிற்பது போலத்தான். அனல்மின் நிலையத்துப் புகை சாயாமல் நேராக மேலே போகும். துறைமுகத்துக்குள் நுழையக் காத்துக் கிடக்கும் கப்பல்கள், மற்ற நாட்களில் ஒரே திசையில் மூக்கை நீட்டி நிற்பவை, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும். சிலுவை நட்ட சிறு கோயிலான குருசடியின் மேல் கட்டிய கொடி கம்போடு ஒட்டிக் கிடக்கும். கரையில் அலை என்று சொல்ல ஒன்றும் இருக்காது. நாய் தண்ணீர் குடிப்பது போல ஒரு சத்தம் மட்டும் வந்துகொண்டே இருக்கும்.

நான் சங்கு குளிப்பவன். கடலுக்கு அடியில் மூழ்கி, மணலில் கிடக்கும் சங்கை எடுத்து வருவது என் தொழில். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றது. தண்ணீருக்கு அடியில் யாரோடும் பேச வேண்டியதில்லை. இந்தத் தொழிலில் நான் நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். கரையில் நாலு பேர் கூடி நின்றால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். எழுதுவது பரவாயில்லை. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

காற்று நின்ற நாட்கள் எங்களுக்கு நல்ல நாட்கள். அடிமணல் படிந்து தண்ணீர் தெளிந்துவிடும். வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்தபடியே ஐந்து பாகம் ஆழத்தில் நண்டு நடப்பதைப் பார்க்கலாம். இரண்டு கையையும் விரித்த அகலம் ஒரு பாகம். வெயில் அவ்வளவு ஆழம் இறங்கி, அடியில் வலை விரித்தது போல ஆடிக்கொண்டிருக்கும்.

மூன்று வருடத்துக்கு முன் அப்படி ஒரு வாரம் வந்தது. அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை என் தங்கை வீட்டுக்குப் பெரிய நாள். அவள் கணவர் அதுவரை அடுத்தவர் வள்ளத்தில் கூலிக்குப் போனவர். முதல் முறையாகச் சொந்தத்தில் ஒரு பைபர் வள்ளம் செய்திருந்தார்கள். தாலிச் சங்கிலி தவிர தங்கையிடம் இருந்ததெல்லாம் அந்த வள்ளத்துக்குள் போயிருந்தது. நீல நிறம் அவள் சொன்னது. ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் வந்து மந்திரித்து, வள்ளத்தைக் கடலில் இறக்குவதாக ஏற்பாடு.

கடல் எண்ணெய் போலக் கிடக்கிறதே என்று வெள்ளிக்கிழமையே வள்ளத்தைத் தண்ணீர் ஓரத்துக்குக் கொண்டுவந்து, கடலைப் பார்த்துக் கட்டைகளின் மேல் நிறுத்திவிட்டார்கள். நல்ல துணி உடுத்தி வருகிறவர்கள் நனையாமல் ஒரு தள்ளு தள்ளினால் போதும் என்பது கணக்கு. எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. புது வள்ளத்தைக் கடலைப் பார்த்து வைத்துவிட்டால், அது முதல் தண்ணீர் தொடும் வரை பின்னால் இழுக்கக் கூடாது. இழுத்தால் அந்த வள்ளம் காலம் முழுக்கப் பின்வாங்கும் என்பார்கள்.

சனிக்கிழமை காலை நாங்கள் ஆறு பேர் சங்குக்குப் போனோம். நான் ஏழு பாகத்தில் இறங்கினேன். மூழ்குகிறவன் எண்ணிக்கொண்டே இருப்பான். மூச்சு எவ்வளவு மிச்சம் என்று அவனுக்குத் தெரிவது அந்த எண்ணிக்கையில்தான். இருபது எண்ணும்போது அடியைத் தொட்டேன். அங்கே கடல் புல் ஒரு திட்டாக வளர்ந்திருந்தது. அது முழுவதும் கரையைப் பார்த்துச் சாய்ந்து கிடந்தது.

நீரோட்டம் என்று நினைத்தேன். ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புல் மெதுவாக நிமிர்ந்தது. ஒரு கணம் நேராக நின்றது. பிறகு கடலைப் பார்த்துச் சாய்ந்தது. நானும் அதோடு சேர்ந்து நகர்ந்தேன். யாரோ என் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துத் தள்ளாமல் தள்ளுவது போல இருந்தது. கரையைப் பார்த்துப் போக எண்ணினேன்: பத்து. திரும்பி வர எண்ணினேன்: பத்து. ஒவ்வொரு போக்குக்கும் அடிமணல் புகை போலக் கிளம்பிப் படிந்தது. தலையை உயர்த்தி மேலே பார்த்தேன். தண்ணீரின் மேல்தட்டு கண்ணாடி போல அசையாமல் இருந்தது. வள்ளத்தின் அடிப்பாகம் வரைந்து வைத்தது போலத் தெரிந்தது. மேலே ஒன்றுமில்லை. அடியில் கடல் முழுவதும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

மேலே வந்தபோது கூட்டாளி ஒருவர் ஏற்கனவே வள்ளத்தில் ஏறி முகக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அடியில யாரோ மாவு சலிக்கான் போல. ஒரு மண்ணும் தெரியல," என்றார்.

"நீரோட்டம் மாறுதுல. கச்சானுக்கு முன்னால அப்படித்தான்," என்றார் இன்னொருவர். "வீட்டுக்குப் போயி படுப்போம்."

நீரோட்டம் ஒரு பக்கம் போகும், போனது திரும்பாது. இது போய்ப் போய்த் திரும்பியது. நான் அதைச் சொல்லவில்லை. ஆனால் அதை முன்பே ஒரு முறை பார்த்திருக்கிறேன். அதற்கு நாலு வருடம் முன், இதே போல் காற்றில்லாத ஒரு நாள், இதே ஆட்டம். அன்றும் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் மதியம் கடல் கரையேறி, காயப் போட்டிருந்த வலைகளையும் இரண்டு வள்ளங்களையும் சுருட்டிக்கொண்டு போனது. அந்த வள்ளங்களில் ஒன்றின் சொந்தக்காரர் இப்போது ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறார். அவர் தெருவில் எதிரே வந்தால் நான் வேறு சந்தில் திரும்பிவிடுவேன். ஏன் என்று அவருக்குத் தெரியாது.

கரைக்கு வந்ததும் நேராகத் தங்கையின் வள்ளத்துக்குப் போனேன். ஒரு நீளக் கயிற்றை அதன் பின்பக்கத்தில் கட்டி, மேட்டில் இருந்த பூவரசில் இழுத்துக் கட்டத் தொடங்கினேன். மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகில் போகிறவர்கள் எல்லாம் கரைக் கொட்டகையில் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். தங்கை கணவரும் அங்கேதான் இருந்தார். எழுந்து வந்தார்.

"என்ன மச்சான், வள்ளத்த மாடு கெணக்கா கட்டுதிய? அவுத்துக்கிட்டு ஓடவா போவுது?"

கொட்டகையில் சிரிப்பு எழுந்தது. "வைக்கல் போட்டியளா அண்ணாச்சி?" என்று ஒருவர் கேட்டார். எனக்குக் காது சூடாகிவிட்டது. முடிச்சைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

கணவருக்குச் சாப்பாடு கொண்டுவந்த தங்கை என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தூக்குச் சட்டியைக் கீழே வைத்தாள். "என்னண்ணே?"

"அடி ஆடுது," என்றேன். "மேல ஏத்திரணும்."

அவள் கடலைப் பார்த்தாள். கடல் தட்டில் ஊற்றிய தண்ணீர் போலக் கிடந்தது. புகை நேராக நின்றது. எந்தப் பைத்தியக்காரனும் அன்று அந்தக் கடலைக் குற்றம் சொல்ல மாட்டான். கொட்டகையைப் பார்த்துத் திரும்பினாள்.

"எங்கண்ணன் வருசத்துக்கு நாலு வார்த்த பேசுதவன். அதுல ஒண்ண இன்னைக்குச் செலவழிச்சிருக்கான். வள்ளத்த மேல ஏத்தணும். எல்லாரும் எந்திரிங்க."

"ஏளா, ஒனக்குக் கிறுக்கா?" என்றார் அவள் கணவர். "கடலப் பாத்து வச்ச வள்ளத்தப் பின்னால இழுக்கவா? நாளைக்கு மந்திரிக்கணும்."

"பின்னால இழுக்கக் கூடாதுன்னா திருப்பி முன்னால இழுங்க. மூஞ்சி கோயிலப் பாத்துப் போட்டும். அதுல என்ன குத்தம்?"

சீட்டு ஆடியவர்களில் மூத்தவர் கையிலிருந்த சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "கோயிலுக்குப் போவாதன்னு யாரும் சொல்ல முடியாதுல்லா," என்று எழுந்தார்.

அந்த வெயிலில், கால் வைக்க முடியாத மணலில், முப்பது பேர் சேர்ந்து வள்ளத்தைத் திருப்பினோம். கட்டைகளை எடுத்து எடுத்து முன்னால் போட்டு, குருசடி மேடு வரை தள்ளினோம். அங்கே கயிற்றைப் பூவரசில் மறுபடி இறுக்கிக் கட்டினேன். வழியில் என் பக்கத்தில் இன்னொரு தோள் வந்து சேர்ந்தது. ஐஸ் கம்பெனி வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில், கூட்டத்தைப் பார்த்து வந்தவர். அவரேதான். எதற்குத் தள்ளுகிறோம் என்று கூட அவர் கேட்கவில்லை.

அதன் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மணி ஆயிற்று. இரண்டு மணி ஆயிற்று. சாப்பிடப் போனவர்கள் திரும்பி வந்து மறுபடி சீட்டைப் பிரித்தார்கள்.

"அண்ணாச்சி, கடல் எப்ப வருதாம்?"

"குளிச்சி, சேல மாத்திட்டு வரும்ல. பொறு."

நான் வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்திருந்தேன். தங்கை கணவர் என்னோடு பேசவில்லை. கடல் வராமல் போகட்டும், அதனால் ஒன்றும் கெட்டுவிடாது என்று சொல்ல முடியாது. திருப்பி இழுத்தோம் என்றாலும் இழுத்தது இழுத்ததுதான். என்றைக்காவது அந்த வள்ளத்துக்கு வலை கிழிந்தால், மோட்டார் நின்றால், மீன் படாமல் போனால், அவர் மனதில் இந்தச் சனிக்கிழமை வரும். என் தங்கையின் மனதிலும் வரலாம். வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இந்தப் பழி இல்லை. அதற்குப் பதில் வேறொன்று இருந்திருக்கும். இரண்டையும் வைத்து எடை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மணி இருக்கும். என்னவோ குறைகிறது என்று தோன்றியது. அந்த நாய் குடிக்கும் சத்தம் நின்றிருந்தது.

தண்ணீர் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஓட்டமில்லை, அவசரமில்லை; யாரோ பாயைச் சுருட்டுவது போல இறங்கியது. நான் ஒருபோதும் பார்த்திராத மணல் வெளியே வந்தது. துருப்பிடித்த ஒரு நங்கூரம் தெரிந்தது. சிறு மீன்கள் பள்ளங்களில் துடித்தன. கொட்டகையில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

பிறகு கடல் வந்தது. அலையாக வரவில்லை. உடையவில்லை, நுரைக்கவில்லை. தொட்டியில் தண்ணீர் ஏறுவது போல மட்டம் ஏறிக்கொண்டே வந்தது. வள்ளம் முதலில் நின்ற இடம் ஒரு மூச்சில் மறைந்தது. அங்கே விட்டு வந்த கட்டைகள் மிதந்து எழுந்தன. கொட்டகைக்குள் புகுந்தது. சீட்டுகள் முகம் மேலாகவும் கீழாகவும் மிதந்து வெளியே வந்தன. மேட்டில் ஏறி, என் முழங்காலைத் தொட்டு, வள்ளத்தின் பின்பக்கத்தை ஒரு சாண் தூக்கியது. பூவரசில் கட்டிய கயிறு விறைத்து முறுகியது. வள்ளம் அசைந்து, நின்று, மெல்ல மணலில் உட்கார்ந்தது. திரும்பிப் போகும்போதுதான் கடலுக்குக் குரல் வந்தது. கரையில் இருந்த கிளிஞ்சல், கல், கட்டை எல்லாவற்றையும் அரைத்துக்கொண்டு போயிற்று.

மூன்று முறை அப்படி வந்து போயிற்று. அந்த நேரம் முழுவதும் குருசடிக் கொடி அசையவில்லை. புகை நேராக நின்றது. என் கையில் வியர்வை காயவில்லை. அத்தனை பெரிய காரியம் நடக்கிறது, ஒரு துளி காற்று இல்லை. நான் பயப்பட்டேனா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. முழங்கால் வரை தண்ணீரில் நின்றபடி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்திருந்தேன். அதை எப்போது அவிழ்த்தேன் என்று நினைவில்லை.

தங்கை கணவர் வள்ளத்தின் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கடலே வந்து தொட்டுட்டுப் போயிட்டு, மச்சான்," என்றார்.

தெற்கே, எந்தக் கப்பலும் போகாத பெருங்கடலில், பல நாட்களுக்கு முன் ஒரு புயல் அடித்ததாகவும், அதன் அலைதான் இவ்வளவு தூரம் வந்ததாகவும் மறுநாள் செய்தியில் சொன்னார்கள். என் தோலில் படாத காற்று. அதைச் சுமந்து வந்த தண்ணீர் வழியெல்லாம் யாருக்கும் தெரியாமல் வந்து, என் முன்னால் ஒரு புல்லைச் சாய்த்துக் காட்டியிருக்கிறது. அதை இன்றும் என் அறிவால் பிடிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாமியார் வள்ளத்தை மேட்டில் வைத்தே மந்திரித்தார். இறக்குவது புதன்கிழமை என்றானது. புதன் காலை கூட்டம் கூடியதும் தங்கை கணவர் என்னிடம் வந்து, "ஒரு எட்டுப் பாத்துட்டு வந்திருங்க மச்சான்," என்றார்.

நீந்திப் போய் நாலு பாகத்தில் மூழ்கினேன். தண்ணீர் தெளிந்திருந்தது. புல் நேராக நின்றது. நாற்பது எண்ணும் வரை பார்த்தேன். ஒரு தாள் கூடச் சாயவில்லை. மேலே வந்து இடுப்பளவு தண்ணீருக்கு நீந்தித் திரும்பியபோது கரையில் இருந்த அத்தனை பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எறக்கலாம்," என்றேன்.

"கேக்கல. சத்தமாச் சொல்லுண்ணே," என்று கரையிலிருந்து தங்கை கத்தினாள்.

இன்னொரு முறை சொன்னேன். நீல வள்ளம் கட்டைகளில் உருண்டு, தண்ணீரில் இறங்கி, என்னைத் தாண்டிப் போயிற்று.

அன்று மாலை ஐஸ் கம்பெனி வாசலில் அவருக்காகக் காத்து நின்றேன். அவர் வெளியே வந்ததும் நாலு வருடத்துக்கு முன் நான் பார்த்ததை, சொல்லாமல் விட்டதை, புல் சாய்ந்து திரும்பியதை எண்ணிய கணக்கு வரை, எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"போவ பத்தா?" என்றார்.

"பத்து."

"திரும்பி வரவும் பத்தா?"

"ஆமா."

அவர் கடலைப் பார்த்துத் திரும்பினார். காற்று இன்னும் வரவில்லை. இரண்டு பேரும் அங்கேயே நின்றோம்.