திராட்சைக்குத் தண்ணீர்

ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். நான் வேலை பார்க்கும் ஜப்பானியத் தொழிற்சாலையில், காலையெல்லாம் போல்ட் முடுக்கியவர்கள் புதன்கிழமை மதியம் கேன்டீனில் உட்கார்ந்து கவிதைக்கு ஓட்டுப் போடுகிறார்கள். ஹைக்கூ, மூன்றே வரி. சீட்டில் பெயர் எழுதக்கூடாது. எல்லாவற்றையும் கலைத்து ஒருவர் படிப்பார், பிடித்ததற்குக் கை தூக்க வேண்டும். எழுதியவர் யாரென்று கடைசியில்தான் தெரியும். நம் ஊர்த் தேர்தலைவிட ஒழுங்காக நடக்கும்.

மாசியில் அப்பா இறந்தார். நான் கம்பம் போய்ச் சேர்ந்தபோது துக்கப் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. மரத்துப்போன கால் மாதிரி, இருப்பது தெரிகிறது, அவ்வளவுதான்.

திராட்சைத் தோட்டத்துக் கிணற்று மோட்டாருக்கு அப்பா போன் ஸ்டார்ட்டர் மாட்டியிருந்தார். பதிந்த நம்பரிலிருந்து கூப்பிட்டால் மோட்டார் ஓடும், 'மோட்டார் ஓடுகிறது' என்று ஒரு பெண்குரல் சொல்லும். மறுபடி கூப்பிட்டால் நிற்கும். என் ஜப்பான் நம்பரையும் பதியச் சொல்லிக் கடைக்காரரைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறார். "ஏலே, அங்கனருந்து நீ போன் போட்டா இங்கன தண்ணி பாயும்டா. நீ இங்கன இருக்க மாதிரித்தான்" என்றார். அப்போது கேலி செய்தேன். ஊரிலிருந்து திரும்பியபின் தினமும் மதியம் கூப்பிட்டேன், கொஞ்ச நேரத்தில் மறுபடி கூப்பிட்டு நிறுத்தினேன். அந்தக் குரலைக் கேட்டால் அவர் வரப்பில் நிற்பது போலிருக்கும்.

அதையே ஹைக்கூவாக எழுதினேன். அப்பா, துக்கம், தனிமை எல்லாவற்றையும் திணித்திருந்தேன். என் ஜப்பானிய மொழியைத் திருத்தித் தரும் யுமிகோ, "இதெல்லாம் நீங்கள் சொல்வது. கண்ணுக்குத் தெரிவது எது?" என்றார். எரிச்சலாக இருந்தது. ஒவ்வொன்றாக அடித்தேன். மிஞ்சியது இதுதான்:

தொலைபேசி அழைப்பு
கடலுக்கு அந்தப் பக்கம்
திராட்சைக்குத் தண்ணீர்

படித்துப் பார்த்தேன். அப்பா என்ற சொல்லே இல்லை, ஆனால் அவர் மட்டும்தான் இருந்தார். இவ்வளவு சின்ன இடத்தில் ஓர் ஆள் நிற்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அந்த வாரம் அதற்குத்தான் அதிகக் கைகள். "எவ்வளவு வசதி! சந்தோஷமான கவிதை" என்று மேற்பார்வையாளர் கைதட்டினார். "ஆமாம், வசதிதான்" என்றேன். யுமிகோ மட்டும் கை தூக்காமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலையில் தங்கை கூப்பிட்டாள். "என்னண்ணே, நீயா மோட்டாரப் போட்ட? தண்ணி ரோட்டுல ஓடுது. தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தவுக சத்தம் போட்டாக."

"நிறுத்த மறந்துட்டேன் ஆத்தா."

"ஒன் நம்பர எடுத்துட்டாகண்ணே. இனிமே அவுகளே பாத்துக்கிருவாக." பிறகு, "சாப்பிட்டியா?" என்றாள்.

அடுத்த புதன்கிழமை கூப்பிட்டுப் பார்த்தேன். ஒருமுறை மணியடித்துத் துண்டித்தது. சீட்டை எடுத்து அதே கவிதையின் முதல் இரண்டு வரிகளை எழுதினேன். மூன்றாவது வரியில் பேனாவை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"இன்னும் ஒரு வரி இருக்கிறதே?" என்றார் சீட்டு வாங்க வந்தவர்.

"அது ஊரில் இருக்கிறது" என்று அப்படியே மடித்துக் கொடுத்தேன்.