கொங்கர் கொட்டையும் கரிச் சூளையும்

லண்டனில் பார்க்கிங் என்ற பகுதியில் என் மகன் படிக்கும் பள்ளிக்கூடத்தில் பெற்றோருக்கு ஒரு கண்காட்சி. முதலாம் உலகப் போரில் வெடிமருந்து செய்ய அசிட்டோன் தட்டுப்பாடாம். அதை மரத்தைச் சுட்டு எடுத்தார்களாம். மரமும் போதாமல் போக, பள்ளிப் பிள்ளைகளை அனுப்பி, மரங்களின் கீழே விழுந்து கிடந்த, இங்கே சிறுவர்கள் நூலில் கோத்து விளையாடும் கொங்கர் என்ற காட்டுக் கொட்டைகளைச் சாக்குச் சாக்காகப் பொறுக்க வைத்தார்களாம். கொட்டையிலிருந்து எடுத்தது பெரிதாகப் பிரயோசனப்படவில்லை என்பதைச் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். பெரிய எழுத்தில் ‘குட்டி வீரர்கள்’. ஆசிரியை கண்கலங்கினார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

நானும் இந்த வேலை செய்தவள்தான். வன்னியில், பதினான்கு வயதில், சனிக்கிழமைகளில் சிரமதானம் என்று வகுப்போடு காட்டுக்குப் போவோம். விறகு சுமந்து, அரசோடு போரிட்ட இயக்கத்தின் கரிச் சூளையில் போடுவோம். கரி வெடிமருந்துக்குப் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். கூலி, வெறுந்தேத்தண்ணியும் ஒரு துண்டு பனங்கட்டியும்.

லண்டனுக்கு வந்து, அகதி நேர்முகத்தில் இதையும் சொன்னேன். கட்டாயப்படுத்தினார்களா என்று அதிகாரி கேட்டார். சிரமதானத்துக்கு அடித்து இழுத்துக்கொண்டு போனார்கள் என்று சொல்வது எங்கள் ஆட்களுக்கு மானக்கேடு.

“இல்லை, நான் விரும்பித்தான் போனனான்” என்றேன், ஏதோ பரிசு தரப்போகிறார்கள் என்பதுபோல. புத்தி கெட்டவள்.

வெடிமருந்து செய்ய விரும்பி உதவியவள் என்று அவர் எழுதிவிட்டார். அதைக் காட்டியே அகதி விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள். ஒன்பது வருடமாக வழக்கு இழுபடுகிறது. கடைசி மேன்முறையீடு அடுத்த மாதம். தோற்றால் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நாட்டைவிட்டுப் போகவேண்டியதுதான். அதே நாடு, கொட்டை பொறுக்கிய பிள்ளைகளுக்குப் படம் கீறிச் சுவரில் மாட்டியிருக்கிறது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

யாருடைய வீட்டிலாவது இப்படிப் போர்க்காலத்தில் உதவியவர்கள் இருக்கிறார்களா என்று கண்காட்சிக்கு வந்திருந்த பிள்ளைகளைப் பார்த்து ஆசிரியை கேட்டார். என் மகன் கையைத் தூக்கினான். சூளைக் கதையை ஒருநாள் நானே அவனுக்குச் சொல்லித் தொலைத்திருந்தேன். தூக்கிய கையைப் பிடித்து இறக்கி, அவனுக்குப் பாத்ரூம் போகவேண்டுமாம் என்று சமாளித்து வெளியே இழுத்து வந்தேன். வெட்கமாக இருந்தது. அதைவிடக் கூடுதலாகக் கோபம் வந்தது.

பஸ் நிறுத்தத்தில் அவன் கேட்டான்.

“அம்மா, நீங்கள் செய்தது பிழையோ?”

ஓம் என்றால் அது பொய். இல்லை என்றால் நாளைக்கே வகுப்பில் போய்ச் சொல்லிவிடுவான்.

“ஓம், பிழைதான்” என்றேன். “ஒருத்தருக்கும் சொல்லாதை.”