ஈரத்துக்குப் போட்ட மார்க்கு

1

விருத்தாசலத்தில் சின்னச் சின்ன செராமிக் யூனிட்காரர்கள் கூட்டாக வைத்திருந்த சூளைகளுக்கு இன்சார்ஜாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எல்லோருக்கும் நான் ‘பாய்’, அவ்வளவுதான். இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகள் எதற்கெடுத்தாலும் எக்செலைத் திறந்து மார்க்குப் போடுகிறார்கள். தாராளமாகப் போடட்டும். ஆனால் அதில் ஓர் இடத்தில் வழுக்கும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் பெரிய சூளையின் உள்செங்கல் சரிந்துவிட்டது. சின்ன சூளைக்கும் பர்னர் தகராறு. சர்வீஸ்காரர் வந்து கழற்றுவதற்கு முன்னால் ஒரே ஒரு லோடு சுடலாம். அப்புறம் எப்போது பற்றவைப்போம் என்று யாருக்கும் தெரியாது. அந்த ஒரு லோடைக் கேட்டு நின்றவர்கள் நான்கு யூனிட்காரர்கள்.

அதில் மேரியம்மா நிலைமைதான் மோசம். பீங்கானில் ஃப்யூஸ் கேரியர் செய்கிற யூனிட்டைத் தனியாளாக நடத்துகிறவர். ஏற்கெனவே ஒரு டெலிவரி பிந்திவிட்டது. இதுவும் பிந்தினால் ஆர்டரை வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவோம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. அவர் கையில் இருந்ததே அந்த ஒரு ஆர்டர்தான். அது போனால் யூனிட்டை மூட வேண்டும். கம்மாபுரம் பக்கத்திலிருந்து பஸ் ஏறி அவரிடம் வேலைக்கு வரும் பெண்களும் வேறு வேலை தேட வேண்டும்.

2

எங்கள் மேனேஜர் நேர்மையான மனுஷர். சலுகை காட்டினார் என்ற பேச்சு வரக்கூடாது என்று நான்கு பேரையும் ஷெட்டில் உட்காரவைத்தார். ஈரம், டெலிவரி தேதி, வேலையாட்கள், சூளை எவ்வளவு நிறையும் என்று நான்கு விஷயம். “எதுக்கு எவ்வளவு வெயிட்டு, நீங்களே சொல்லுங்க” என்றார்.

ஈரம்தான் முதல் என்று நான்கு பேரும் சொன்னார்கள். இந்தத் தொழிலில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். சுடாத சரக்கில் ஈரம் இருந்தால் சூட்டில் வெடிக்கும், பக்கத்துச் சரக்கையும் நாசமாக்கும். மேரியம்மாவும் தலையாட்டினார். ஈரத்துக்குப் பாதி வெயிட். மற்ற மூன்றும் மீதியைப் பங்கு போட்டுக்கொண்டன.

மீட்டர் வைத்து ஈரம் பார்த்து ரேங்க் போட்டார்கள். அதிகம் காய்ந்தது முதல், அதற்கு நாலு மார்க்கு, கடைசிக்கு ஒன்று. ஊறுகாய் ஜாடி செய்கிற குமரவேலு ஈரத்தில் முதல். மேரியம்மா கடைசி. மொத்தம் கூட்டினால் லோடு குமரவேலுவுக்கு. அவன் சரக்கு பொங்கலுக்குப் போனால் போதும்.

மேரியம்மா மேனேஜரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “என் சரக்கு ஈரமா பாய்?”

ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்தேன். ஈரம் இருந்தால் சில்லென்று இருக்கும். “இல்லம்மா, நல்லா காஞ்சிருக்குது” என்றேன். பிறகு மேனேஜரிடம் சொன்னேன்: “சார், நாலு பேரு சரக்கும் லிமிட்டுக்குக் கீழதான் இருக்குது. வித்தியாசம் புள்ளிக்கு அப்புறம்தான். அதுக்குப் போயி ஒருத்தருக்கு நாலு, ஒருத்தருக்கு ஒண்ணுன்னு போட்டுட்டோம். ஈரம் பெரிய விஷயந்தான், இல்லைங்கல. ஆனா இவங்களுக்குள்ள ஈரத்துல என்னா வித்தியாசம் இருக்குது?”

குமரவேலு எழுந்துவிட்டான். “ரிசல்ட்டு வந்தப்புறம் ரூலை மாத்துறீங்களா பாய்? நான் கடைசியா வந்திருந்தா இப்புடிப் பேசியிருப்பீங்களா?”

சுருக்கென்றது. அவன் கேட்டதில் தப்பே இல்லை. பேர் தெரிந்த பிறகு வெயிட்டைத் தொடுவதைவிட மோசமான வேலை கிடையாது. தகரத்தில் மழை பெய்துகொண்டிருந்தது.

“நீ கேக்குறது நியாயந்தான். இன்னிக்கு மட்டும் மாத்துனா அது திருட்டுத்தனம். ஆனா லிமிட்டுக்கு மேல ஈரம் இருந்தா யாரு சரக்கையும் நான் ஏத்த மாட்டேன். அது நேத்தும் ரூலு, நாளைக்கும் ரூலு. அந்த வாசலைத் தாண்டிட்டா அப்புறம் ஈரத்துக்குத் தனி மார்க்கு எதுக்கு?”

“வெடிச்சா யாரு பொறுப்பு பாய்?” என்றார் மேனேஜர்.

“இந்த லோடுக்கு நான் சார்.” சொல்லிவிட்டு, மேரியம்மா சரக்கில் இன்னும் இரண்டை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன்.

குமரவேலு மறுபடி உட்கார்ந்தான். “சரி. ஆனா இனிமே எப்பவும் இதான். பேரைப் பாத்துட்டு யாரும் வெயிட்டை மாத்தக் கூடாது. மேரிக்கா, ஒத்துக்கிறீங்களா?”

“ஒத்துக்கிறேன் தம்பி” என்றார். ஈரத்தை எடுத்துவிட்டு மறுபடி கூட்டினோம். தேதி முன்னுக்கு வந்தது. லோடு மேரியம்மாவுக்கு.

3

முதலில் மெதுவாகத்தான் சூடேற்றுவோம். வெடிப்பதானால் அப்போதுதான் வெடிக்கும். சூளைக் கதவில் காதை வைக்காத குறையாக நின்றேன். மேரியம்மா தள்ளி நின்றார். குமரவேலுவும் வந்திருந்தான். எதற்கு வந்தான் என்று கேட்கவில்லை.

உள்ளே ‘டப்’ என்று ஒரு சத்தம். ஒன்று வெடித்தால் வரிசையாக வெடிக்கும். அடுத்த சத்தத்துக்காகக் காத்திருந்தோம். அது வரவேயில்லை.

ஆறிய பிறகு திறந்தால் ஒரே ஒரு துண்டு சிதறிக் கிடந்தது. உடைந்த இடத்தில் காற்றுக்குமிழ் இருந்த பள்ளம்; மண் பிசைந்ததில் வந்த கோளாறு, காயாததால் வந்ததில்லை. மற்றதெல்லாம் பளிச்சென்று வெள்ளை. சரக்கு ஏற்றிய லாரி சொன்ன தேதிக்கு வேப்பூர் ரோட்டில் போனது.

சின்னவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வெயிட் போடுவதற்கு முன்னால் எது பெரிய விஷயம் என்று பொதுவாகக் கேட்காதீர்கள். எதிரில் நிற்கிற இவர்களுக்குள் எது உண்மையிலேயே வித்தியாசப்படுகிறது என்று கேளுங்கள். கட்டாயம் இருந்தே தீரவேண்டியதை மார்க்கோடு கலக்காதீர்கள், வாசலிலேயே பார்த்துவிடுங்கள். எது யாருடைய சரக்கு என்று தெரிவதற்கு முன்னால் இதையெல்லாம் முடித்துவிடுங்கள்.

மாசியில் மறுபடி ஒரு லோடுக்குப் போட்டி வந்தது. அந்தத் தடவை மீட்டரில் மேரியம்மா சரக்குதான் எல்லாவற்றையும்விடக் காய்ந்திருந்தது. பழைய கணக்கானால் அவருக்குத்தான் லோடு. புதுக் கணக்கில் தேதி முந்துவது குமரவேலுவுக்கு. சூளை கிடைக்காவிட்டால் அந்த வாரம் அவருடைய பெண்களுக்கு வேலையில்லை. மேனேஜர் மேரியம்மா முகத்தைப் பார்த்தார்.

“தேதிப்படி போடுங்க சார். தம்பிக்குத்தான் அவசரம்” என்றார் மேரியம்மா. சரக்கின் மேல் தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு, நாளைக்கு வரவேண்டாம் என்று தன்னிடம் வேலைக்கு வரும் பெண்களிடம் சொல்லப் போனார்.