ரேடியோ வந்ததும் அலறிய ஹார்ன்

என் கணவர் கால்நடை மருத்துவர். அறுபதுகளின் தொடக்கத்தில் உறையூரில் குடியிருந்தோம். அவரிடம் பழைய கார் ஒன்று இருந்தது. கொள்ளிடத்துக்கு அப்பால் உள்ள கிராமங்களுக்கு அதில்தான் போவார். ஒரு சனிக்கிழமை மாலை, டேஷ்போர்டுக்கு அடியில் புது ரேடியோவைத் தானே பொருத்தினார். நான் டார்ச் பிடித்தேன். குமிழைத் திருகியதும் ரேடியோ பாடியது. இருவருக்கும் பெருமை பிடிபடவில்லை.

மறுநாள் காலை ஸ்ரீரங்கத்தில் என் அக்கா வீட்டுக்குக் கிளம்பினோம். அங்கே வீதியில் ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கியதும் ஹார்ன் தானாக அலறியது. எதிரே பெருமாள் புறப்பாடு. கோயில்காரர் ஒருவர் ஜன்னலில் குனிந்து, "பெருமாளுக்குத்தான் நாதஸ்வரம் இருக்கே ஸ்வாமி, இதுவும் வேணுமா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். என் கணவரின் காது மடல் சிவந்துவிட்டது.

அக்காவைப் பார்த்துவிட்டு, சமயபுரம் தாண்டி ஒரு கிராமத்துக்குப் போனோம். காய்ச்சல் கண்ட பசு ஒன்றைப் பார்க்க வேண்டியிருந்தது. களத்து மேட்டில் கார் ஏறியதும் ஹார்ன் மறுபடியும் கத்த, பசு துள்ளி எழுந்து சோளக்கொல்லைக்குள் ஓடியது.

"காலைலேர்ந்து எந்திரிக்கவே மாட்டேன்னு படுத்திருந்துச்சுங்க டாக்டர். ஊசி போடாமலே எழுப்பிட்டீங்களே!" என்றார் பசுவின் சொந்தக்காரர்.

பசுவைப் பிடித்து வந்து ஊசி போட்ட பிறகு, புங்கமர நிழலில் காரைப் பார்க்க உட்கார்ந்தோம். ரேடியோவை நிறுத்திப் பார்த்தோம். அப்போதும் காரை லேசாகத் தள்ளினாலே ஹார்ன் அடித்தது.

"ரேடியோ மேல தப்பில்ல. எங்கேயோ வயர் உரசுது. ஹார்ன் வயரைக் கழட்டிட்டுப் போயிடுவோம்" என்றார் என் கணவர்.

"வழியெல்லாம் மாட்டு வண்டி. ஹார்ன் இல்லாம எப்படிங்க போறது? நீங்க வண்டியை ஆட்டுங்க, நான் உள்ள பார்க்கறேன்."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்துப் படுத்தேன். அவரும் பசுக்காரரும் காரைத் தொட்டில் போல ஆட்டினார்கள். ஹார்ன் அலறிய அதே நொடியில் நீலமாக ஒரு பொறி தெறித்தது. ரேடியோவைத் தாங்கிய தகட்டின் விளிம்பு, பின்னால் ஓடிய ஹார்ன் வயரின் உறையை அறுத்திருந்தது; உள்ளே செம்பு தெரிந்தது.

"இங்கதாங்க! பார்த்துட்டேன்!" என்று கத்தினேன்.

அவர் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, வயரில் டேப் சுற்றி, தகட்டுக்கு எட்டாமல் ஒதுக்கிக் கட்டினார். இணைப்பை மாட்டி மறுபடி ஆட்டிப் பார்த்தார்கள். சத்தமே இல்லை. பசுக்காரர் வீட்டம்மா எனக்கு மோர் கொடுத்து, என் கன்னத்து கிரீஸைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார்.

திரும்பும்போது கொள்ளிடப் பாலத்தில் ரேடியோவில் பழைய பாட்டு ஒன்று வந்தது. என் கணவர் கூடவே பாடினார். கல்யாணமாகி மூன்று வருஷம், அவருக்குப் பாட வரும் என்று எனக்குத் தெரியாது. சுருதி கொஞ்சமும் பிசகவில்லை. நான் ஆற்றைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டே வந்தேன்.