மூன்றாம் பீக்கர்: சமயநல்லூர் மோட்டார் ரூமில் நான்கு பீர்கள்

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்பட்டால் இன்னும் அசிங்கம். இரண்டு வருடங்களுக்கு முன் மைத்துனன் வீட்டு விசேஷத்துக்குப் பெங்களூர் போயிருந்தேன். அங்கே ஒரு பெரிய பீர் விடுதியில் உட்கார்ந்து, வந்த கோப்பையைத் திருப்பி அனுப்பினேன். பீர் நீராகாரம் மாதிரி கலங்கலாக இருந்தது. “தம்பி, இது கெட்டுப்போச்சு. மொதல்ல குழாயக் கழுவுங்க” என்று ஐந்து நிமிடம் வகுப்பு எடுத்தேன். பரிமாறியவர் பணிவாக, “இது கோதுமை ஏல்னு ஒரு வகை பீர் சார், இப்படித்தான் இருக்கும்” என்றார். “எங்க ஊர்ல இத மாட்டுக்கு வைப்போம்” என்றேன். பக்கத்து மேசையில் கைதட்டினார்கள். எனக்குத்தான் என்று நினைத்து எழுந்து லேசாகத் தலையும் குனிந்தேன். அங்கே யாருக்கோ பிறந்தநாள்.

ஊர் திரும்பி இந்த வீரக்கதையை ஒரு வீடு விடாமல் சொன்னேன். அதில் ஒன்று ஞானராஜ் சார் வீடு. எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கிறார். மிஷன் பள்ளியில் முப்பத்து நாலு வருடம் வேதியியல் ஆசிரியர், எனக்கும் அவர்தான் வாத்தியார். சபையில் கமிட்டி மெம்பர். இருமல் மருந்து வாங்கினால்கூட லேபிளைப் படித்து, ஆல்கஹால் இருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுப்பவர். நான் கதையை முடித்துச் சிரித்தபோது சார் சிரிக்கவில்லை. அவர் மனைவி காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

காரணம் இரண்டு நாள் கழித்து என் மனைவி மூலம் தெரிந்தது. சாரின் ஒரே மகள் பியூலா பெங்களூரில் உணவுக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள் என்பது தெருவுக்குச் சொல்லப்பட்ட செய்தி. உண்மையில் அது பீர் கம்பெனி. அங்கே அவள் பொறுப்பில் இருப்பது கோதுமை ஏல். அந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து சார் அவளிடம் போனில் “சாப்டியா” என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசுவதில்லை. நான் போய் அந்த வீட்டு ஹாலில் உட்கார்ந்து, அந்தப் பெண் செய்வதை மாட்டுக்கு வைப்போம் என்று சொல்லிவிட்டு முறுக்கும் தின்றுவிட்டு வந்திருக்கிறேன்.

போன ஐப்பசியில் ஒரு புதன்கிழமை காலை சாரே என் வீட்டுக்கு வந்தார்.

“தவமணி, ஞாயித்துக்கெழம அசனத்துக்கு பியூலா வர்றா.” அசனம் என்றால் சபையார் எல்லோரும் சர்ச் வளாகத்தில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. “போன தடவ வந்தப்ப, ‘என் வேல எப்பிடின்னு ஒரு தடவயாச்சும் யார்ட்டயாவது கேட்டீங்களாப்பா’ன்னா. நான் பொய் சொல்ல மாட்டேன், குடிக்கவும் மாட்டேன். நீ அன்னைக்குச் சொன்னது வேற மண்டைக்குள்ளயே நிக்குது. கெட்டதப் பண்றாளா, நல்லதப் பண்றாளான்னு எனக்குத் தெரியணும். நீ குடிச்சுச் சொல்லு. ஆனா டெஸ்ட் நான்தான் வைப்பேன்.”

“நான் எதுக்கு சார்?”

“இந்தத் தெருவுல ஒளியாமக் குடிக்கிறவன் நீ ஒருத்தன்தான்டா.”

இதைவிடப் பெரிய பட்டம் எனக்கு எந்தப் பள்ளியும் கொடுத்ததில்லை. பன்னிரண்டாம் வகுப்பு செய்முறைத் தேர்வில் நான் முன்னால் நின்றவனைப் பார்த்து ரிசல்ட் எழுதியிருந்தேன். சார் என் சோதனைக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “தண்ணிகூடப் படாத டியூப்ல வெள்ளை வீழ்படிவு வந்துச்சாடா?” என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. இத்தனை வருடம் கழித்து அவரே என்னை மறுபடி லேபுக்குக் கூப்பிடுகிறார். சரி என்றேன்.

மறுநாள் வியாழக்கிழமை. மதுரை சிம்மக்கல்லில் 11.20க்கு ஆட்டோ ஏறினோம். குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது என்ற பேச்சே வரக்கூடாது என்பது சாரின் முதல் விதி. எனக்குத் தெரிந்த ஆட்டோக்காரர் பாண்டியை, காத்திருப்பது உட்பட மாலை வரை எழுநூறு ரூபாய்க்குப் பேசியிருந்தேன். என் கையில் ஒரு பையும் இரண்டு கைக்குட்டையும். சாரின் கையில் ஓய்வுபெற்றபோது மாணவர்கள் பரிசாகக் கொடுத்த நான்கு கண்ணாடி பீக்கர்கள், ஒரு தெர்மாமீட்டர், நீல அட்டை போட்ட ரெக்கார்டு நோட்டு. பாண்டி கண்ணாடியில் பார்த்துவிட்டு, “அண்ணே, ரத்தம் கித்தம் எடுக்கப் போறீகளா?” என்றார்.

பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஏசி போட்ட அரசு மதுக்கடை ஒன்று இருக்கிறது. சிம்மக்கல்லிலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர். பகல் பன்னிரண்டுக்குத்தான் திறப்பார்கள். எதிரே தள்ளுவண்டியில் சுக்கு மல்லிக் காப்பி பதினைந்து ரூபாய். நான் இரண்டு குடித்தேன். சார் ஆட்டோவிலேயே இருப்பார் என்று நினைத்தேன். கதவு திறந்ததும் எனக்கு முன்னால் அவர் இறங்கிவிட்டார். அறுபத்து நாலு வயதில் முதல் தடவையாக மதுக்கடைக்குள் போகிறவர், பள்ளி ஆய்வுக்கு வந்த அதிகாரி மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போனார்.

உள்ளே விற்பனையாளர் ஸ்டூலிலிருந்து எழுந்தேவிட்டார். “சார்! கெமிஸ்ட்ரி சார்!”

“எந்த வருசம்டா?” என்றார் சார்.

“வருசம் எதுக்கு சார்? உங்க பாடத்துல பெயிலு.”

“அதான் இங்க நிக்கிறியா?”

“பாஸ் பண்ணவக செய்றாக, பெயிலானவக விக்கிறோம். அம்புட்டுத்தான் சார்.”

அந்த மனிதருக்கு பியூலாவைப் பற்றி எதுவும் தெரியாது. சார் அலமாரியில் பியூலா கம்பெனியின் கோதுமை ஏல் டின் ஒன்றை எடுத்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மெதுவாகச் சுற்றிச் சுற்றிப் படித்தார். கம்பெனி முகவரி இருந்தது, தேதி இருந்தது, எச்சரிக்கை வாசகம் இருந்தது. “யாரு செஞ்சாங்கன்னு போட மாட்டாங்களாடா?” என்று என்னிடம் கேட்டார். இல்லை என்றேன். “பரீட்சைப் பேப்பர்லகூட நம்பர் இருக்கும்” என்றார். நான்கு டின்கள் எண்ணூற்று எழுபது ரூபாய். நான் நீட்டிய பணத்தைத் தள்ளிவிட்டு அவரே கொடுத்தார்.

இதற்குள் எனக்கு ஒரு பாடமும் நடந்தது. சார் ஒரு வாரமாகப் படித்திருக்கிறார். நாம் வழக்கமாகக் குடிக்கும் பீரில் ஈஸ்ட் குளிர்ச்சியில், அடியில் தங்கி, மெதுவாக வேலை செய்யும். ஏல் வகையில் ஈஸ்ட் மேலே மிதந்து, கொஞ்சம் வெதுவெதுப்பில், வேகமாக வேலை செய்யும். அப்போது பழவாசம், மசாலா வாசம் எல்லாம் உண்டாகும். இருபத்தாறு வருடம் குடித்தவனுக்கு, குடிக்காதவர் ஆட்டோவில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார்.

பரவைக்கு 12.50க்கு வந்தோம். மார்க்கெட்டில் அரைக் கிலோ வெள்ளரி இருபது ரூபாய், பொரி பத்து ரூபாய். ஒரு பீருக்கும் அடுத்த பீருக்கும் நடுவே நாக்கைச் சுத்தம் செய்ய இவை போதும், காரச்சேவு ஆகாது என்பது சாரின் இரண்டாவது விதி. நான் மீன் கடையில் ஐஸ் வாங்கப் போனேன். “டேய், அயிரை மீன் வாடை ஏறிரும். ஏலுக்கு அம்புட்டுக் குளிர்ச்சி ஆகாது” என்று ஆட்டோவிலிருந்தே சத்தம் போட்டார். பரவை மார்க்கெட்டில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். கமிட்டி மெம்பர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அங்கிருந்து சமயநல்லூர் ஐந்து கிலோமீட்டர். ஊருக்குள் போகாமல் மேற்கே மண்பாதையில் இரண்டு கிலோமீட்டர் போனால் எங்கள் குடும்பத்து வயல். அண்ணன் இரண்டு ஏக்கர் நெல் போட்டிருந்தார். வரப்போரம் மோட்டார் ரூம், அதன் முன்னால் ஒரு சிமெண்டு மேடை. 1.30க்கு பீக்கர்களைத் தொட்டித் தண்ணீரில் கழுவிக் கவிழ்த்தோம். டின்களைத் தொட்டியில் போட்டு, தெர்மாமீட்டரை விட்டு விட்டுப் பார்த்து, ஒரு மணி நேரம் கழித்து, “இதுக்கு மேல எறங்காது, போதும்” என்றார் சார். பிறகு என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார்.

“கலங்கலப் பாத்தாலே அது எதுன்னு ஒனக்குத் தெரிஞ்சுரும். எனக்காக நல்லதாச் சொல்லிருவ. துண்டைக் குடு.”

கண்ணைக் கட்டினார். பாண்டி இந்தக் காட்சியை செல்போனில் எடுத்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

இனி, இந்தப் பதிவைத் தேடி வந்தவர்களுக்கான பகுதி. முதல் பீக்கரில் நம்மூர் சாதா பீர்: மெல்லிய, சுத்தமான, லேசான தானிய ருசி. ஒப்பிடுவதற்காக வைத்தது. இரண்டாவது, வெளிர் ஏல்: கமலா ஆரஞ்சுத் தோலின் நறுமணமும், பின்னால் நின்று நிதானமாக வரும் கசப்பும். மூன்றாவது, கோதுமை ஏல்: பழுத்த வாழைப்பழமும் ஒரு சிட்டிகை கிராம்பும், பட்டுப்போன்ற நுரை. நான்காவது, கருப்பு ஏல்: வறுத்த காப்பிக்கொட்டை, கருப்பட்டி, மெல்லிய புகை. வெயில் காலத்துக்கு மூன்றாவது, மழைக்கு நான்காவது, மாமனாரோடு என்றால் முதலாவது என்பது என் சிபாரிசு.

ஆனால் மேடையில் அன்று நடந்த பேச்சு இவ்வளவு நேர்த்தியாக இல்லை.

“ரெண்டாவது எப்பிடிடா இருக்கு?”

“கசக்குது சார்.”

“கசக்குதுன்னா? பாகக்காயா, வேப்பம்பூவா?”

“கசப்புக் கசப்பு சார்.”

பேனா நோட்டில் குத்தும் சத்தம் கேட்டது. பொரி கொடுத்தார். மூன்றாவதை என் கையில் வைத்தார். குடித்தேன்.

“வாசன என்ன வருது?”

“பீர் வாசன சார்.”

“பீர்ல பீர் வாசனதான்டா வரும். வேற?”

இன்னொரு வாய் குடித்தேன். இழுத்து மூச்சு விட்டேன். எதுவும் சொல்லத் தோன்றவில்லை. “தெரியல சார்.”

“கெட்ட வாடை ஏதாச்சும்? புளிச்சது? ஊசிப்போனது?” கேட்கும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

“தெரியல சார்.”

“மூக்குன்னு ஒண்ண எதுக்குடா வச்சிருக்க?” என்று என் கையிலிருந்து பீக்கரைப் பிடுங்கினார்.

அடுத்து வாய்க்காலில் தண்ணீர் போகும் சத்தம் கேட்டது. கீழே கொட்டிவிட்டாரோ என்று பயந்து துண்டை ஒரு கண்ணுக்கு மட்டும் இறக்கினேன். சார் பீக்கரை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அதன் வாய்க்கு மேலே காற்றை முகத்தை நோக்கி விசிறிக்கொண்டிருந்தார். லேபில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான்: எந்தக் குழாயிலும் நேராக மூக்கை வைக்கக்கூடாது, கையால் விசிறித்தான் முகர வேண்டும். மூன்று தடவை விசிறினார். கண்ணை மூடியிருந்தார்.

“ஐசோ அமைல் அசிடேட்” என்றார்.

“விஷமா சார்?”

“வாழப்பழம்டா, மடையா. வாழப்பழ வாசன.” மறுபடி விசிறினார். “பியூலா பன்னெண்டாவது படிக்கிறப்ப ஒரு சனிக்கெழம லேபுக்குக் கூட்டிப் போயி, ஆல்கஹாலயும் ஆசிடையும் சூடு பண்ணித் தண்ணில ஊத்திக் காமிச்சேன். ‘அப்பா, வாழப்பழமே இல்லாம வாழப்பழம்’னு குதிச்சா. இங்க் பாட்டில்ல ஊத்தி எடுத்துட்டு வந்து அலமாரில வச்சுக்கிட்டா. ஒரு மாசம் வீடு பூரா இதே வாசம். அவங்க அம்மா திட்டித் தீத்துட்டா.”

பாண்டி போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

“அப்ப இது கெட்டுப்போனது இல்லயா சார்?” என்றேன்.

“இது தானா வந்தது இல்லடா. வரவச்சது. தெரிஞ்சு, அளந்து, வரவச்சிருக்கா.” சட்டைத் துணியில் கண்ணாடியைத் துடைத்தார். அதில் தூசி எதுவும் இல்லை. பிறகு நோட்டில் எழுதினார். எழுதியதை நான் எட்டிப் பார்த்தேன். எண் 3. நிறம்: கலங்கல், இயல்பானது. மணம்: வாழைப்பழம், லேசாகக் கிராம்பு. முடிவு: குறை இல்லை. கீழே கையெழுத்தும் போட்டார்.

நான்காவதை நான் அவசரமாகக் குடித்து முடித்தேன். மீதிப் பீரை வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் மூன்றாவதையும் முடித்தேன். 4.15க்குக் கிளம்பி, 5.10க்கு சிம்மக்கல். காலி டின் ஒன்று அவர் பையில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அசனத்துக்கு எங்கள் வீட்டையும் கூப்பிட்டிருந்தார். பந்தியில் சாருக்குப் பக்கத்து இலை என்னுடையது. பியூலா முந்தானையைச் செருகிக்கொண்டு சோற்று வாளியோடு வந்தாள். எனக்கு வைத்தாள். அப்பா இலையில் குனிந்தபோது சார் நிமிராமலே கேட்டார்.

“ஈஸ்ட் போட்டப்பறம் எத்தன டிகிரில வைக்கிற?”

கரண்டி அப்படியே நின்றது. பின்னால் குழம்பு வாளியோடு வந்தவர் இடித்துக்கொண்டு நின்றார்.

“இருபது, இருபத்தொண்ணுப்பா” என்றாள். பிறகு, “வாழப்பழ வாசம் தூக்கலா வேணும்னா ரெண்டு டிகிரி கூட்டலாம்.”

“கூட்டாத. இப்பச் சரியா இருக்கு.”

அவள் வாளியைத் தரையில் வைத்துவிட்டாள். “அப்பா, நீங்க...?”

“மோந்துதான் பாத்தேன்” என்றார் சார். “சோத்தப் போடு. பின்னால ஆள் நிக்குது.”

அவள் வைத்த சோறு நாலு பேருக்குக் காணும். சார் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் ஆட்டுக்கறிக் குழம்பு நன்றாக இருந்ததால் மூன்று தடவை வாங்கினேன்.

இதே பயணம் போக நினைக்கும் இருபத்தொரு வயது தாண்டியவர்களுக்குச் சில வார்த்தைகள். பன்னிரண்டுக்கு முன் கடைக்குப் போய்ப் பயனில்லை. வண்டியை வேறொருவர் ஓட்டட்டும். டின்னில் தேதி பார்த்து வாங்குங்கள். ஏலை ஐஸில் புதைக்காதீர்கள், வாசமெல்லாம் செத்துவிடும். நான்கு பேருக்கு நான்கு டின் போதும், தனியாளாக நான்கையும் முடிக்கும் மடத்தனத்தை நான் ஏற்கெனவே செய்துவிட்டேன். கலங்கலாக இருந்தால் கத்தாதீர்கள். சிலது அப்படித்தான் இருக்கும், அதைச் செய்தவரின் அப்பா உங்கள் தெருவில் குடியிருக்கலாம்.

இன்னொன்று. அந்த வியாழக்கிழமை எனக்குச் சளி பிடித்து மூன்றாம் நாள். இரண்டு மூக்கும் அடைப்பு, ஒரு வாசனையும் தெரியவில்லை. மேலே எழுதியிருக்கும் ருசி விவரங்களில் மூன்றாவது சாரின் நோட்டைப் பார்த்து எழுதியது, மற்றவை எல்லாம் டின்களின் முதுகில் அச்சடித்திருந்ததைப் பார்த்து எழுதியவை.